கத்தியின் கனமே போதும்

சலூன் கடைக்குக் கிளம்பிவிட்டேன். பாலைக் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன், மாமாவுக்கு ஆற்றிக் கொடு.

“இனிமே எங்கப்பாவுக்கு நானே ஷேவ் பண்ணிவிடுறேன்” என்று நேற்று சொன்னாய். சவரக்கத்தி அலமாரியில் இருக்கிறது. முதலில் அதைத் தோல் வாரில் தீட்ட வேண்டும். வாரை விறைப்பாக இழுத்துப் பிடி. கத்தியைப் படுக்க வைத்து, முதுகுப் பக்கம் முன்னால் போகிற மாதிரி இழு. அழுத்தவே கூடாது, கத்தியின் கனமே போதும். அழுத்தினால் வார் தொய்ந்து கூர் மழுங்கிவிடும். மழுங்கின கத்திதான் ஆளைக் கீறும்.

நேற்று நான் அழுத்தினேன். “மாமா ஒரு மாசம் உங்கண்ணன் வீட்ல இருக்கட்டுமே” என்றேன், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய். அந்தக் கோபத்தையெல்லாம் வாரில்தான் காட்டினேன்.

அதே கத்தியால் மாமாவுக்குச் சவரம் செய்தபோது தாடையில் ரத்தம் வந்ததும் “உங்கப்பா தலைய ஆட்டிட்டாரு” என்றேன். “சும்மா இருக்கக் கூடாதாப்பா” என்று நீயும் அவரைக் கடிந்துகொண்டாய். அவர் ஆட்டவே இல்லை. வாதம் வந்து பேச்சு நின்றுபோன மனிதர், எங்கே மறுத்துச் சொல்லப்போகிறார் என்ற தைரியத்தில் பழியை அவர்மேல் போட்டுவிட்டேன். இருபது வருஷமாகக் கத்தி பிடிக்கிறவன் நான்.

பி.கு. இதை அவருக்கும் வாசித்துக் காட்டு.

இன்னொன்று. நீ கத்தியைத் தொடாதே, பழகாத கை. மத்தியானம் நானே வருகிறேன். என்னிடம் கன்னத்தைக் காட்டச் சம்மதமா என்று அவரிடம் கேட்டு வை. சம்மதமென்றால் வழக்கம்போலக் கண்ணை மூடித் திறப்பார். இல்லையென்றால், இந்தத் தடவை நிஜமாகவே தலையை ஆட்டட்டும்.