லாப்டாப் துடைக்கத் தெரிந்த அம்மா

சௌபாக்கியவதி அஞ்சனாவுக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. மட்டாஞ்சேரியில் அப்பாவும் நானும் சௌக்கியம், என் மனசு ஒன்றுதான் சௌக்கியமில்லை, அதற்கு மருந்து ஆக்லாந்தில் உன் கையில் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை ஹரியும் உன் வயிற்றில் இருக்கிற குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க பகவதிக்கு நெய்விளக்கு சொல்லியிருக்கிறேன். ஞாயிறுதோறும் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, பின்னே எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அதில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீ சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுகிறாய், காகிதத்தில் அது நடக்காது. மலையாளத்தில் எழுதினால் உனக்குப் படிக்க லகுவாக இருக்கும், தெரியும், ஆனால் எனக்குச் சண்டை போடத் தமிழ்தான் வரும், எழுத்துக்கூட்டியாவது படித்துவிடு.

விஷயம் இதுதான். உன் மாமியார் பாக்கியலக்ஷ்மி மாமி கலூரிலிருந்து கூப்பிட்டு, பிரசவத்துக்கு முதலில் அவரைத்தான் வரச் சொல்லியிருக்கிறாய் என்றார். அங்கே எல்லாம் மிஷினாம், அம்மாவுக்குச் சிரமமாம், அதனால் மாமி முதலில் வந்து மூன்று மாதம் இருக்கட்டும், அம்மா அப்புறம் வரலாம் என்றாயாம். டிக்கெட் இன்னும் போடவில்லை என்றும் சொன்னார், அதைக் கேட்டுத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் பிரசவத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இருப்பதுதானே எங்கும் வழக்கம். அதோடு விட்டாரா, லாப்டாப்பை எப்படித் துடைப்பது என்று நீ முக்கால் மணி நேரம் வீடியோவில் சொல்லிக் கொடுத்தாயாம், துடைக்கிற துணிகூட அங்கிருந்து வாங்கி அனுப்பினாயாம். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். மாமியார் மெச்சின மருமகளும் இல்லை, மருமகள் மெச்சின மாமியாரும் இல்லை என்பார்கள், அதைப் பொய்யாக்க என் பெண்தானா கிடைத்தாள். அதே வாரம் நம் லாப்டாப் உறுமுகிறதே என்று நீ கேட்டபோது, அம்மா நீ அதைத் தொடாதே, கடைக்குக் கொடு என்று ஒரே வரியில் முடித்தாய். அவருக்கு முக்கால் மணி, எனக்கு ஒரு வரி.

அது ஏன் உறுமியது என்று அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு மிக்ஸி என்றேன், நீ நம்பவில்லை. நவராத்திரியில் சரஸ்வதிக்குப் பூஜைவைப்பு வைத்தபோது புஸ்தகங்களோடு லாப்டாப்பையும் வைத்தேன். மூடி வைத்தால் சரஸ்வதிக்கு எப்படித் தெரியும் என்று புஸ்தகம் மாதிரி விரித்து வைத்து, புஸ்தகத்துக்கு வைக்கிறபடியே நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்தேன். இந்த வருஷம் சந்தனம் கொஞ்சம் நீர்த்துப் போயிற்று, மேல் மூலையில் வைத்தது வழிந்து, பின்னால் காற்று போகிற ஜன்னலில் இறங்கிவிட்டது. ஏற்கெனவே நம் தெருச் சுக்குக் கிடங்கின் தூசி அங்கே குடியிருந்தது, சந்தனமும் சேர்ந்து காய்ந்து பூச்சு வேலை செய்தது போல ஆயிற்று. போதாததற்கு விஜயதசமியன்று அப்பா தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி திரையை விபூதி போட்டுத் துடைத்தார். வெள்ளி விளக்குக்குச் சரி, அதற்குச் சரியா. அன்றிலிருந்து நீ எங்களுக்குப் புகைமூட்டத்தில்தான் தெரிந்தாய்.

வெயிலில் காயவைத்த மிளகாய்க் கொண்டாட்டம், வற்றல் எல்லாம் கொடுக்கிற சாக்கில் படகில் எர்ணாகுளம் போய், மெட்ரோ பிடித்துக் கலூருக்குப் போனேன். கேட்டால் மானம் போய்விடும், அதனால் மாமியின் லாப்டாப் பளபளவென்று இருக்கிறதே என்று மட்டும் சொல்லி வைத்தேன். உடனே துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அஞ்சனா இப்படிச் சொன்னாள், அஞ்சனா அப்படிச் சொன்னாள் என்று வாய்க்கு வாய் உன் பேர். நான் காப்பியைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் மனசில் வாங்கிக்கொண்டேன். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை, உங்களுக்கென்ன மாமி, என் பெண் உங்களிடம்தான் மணிக்கணக்காகப் பேசுகிறாள் என்று சொல்லிவிட்டேன். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மாமி, உங்ககிட்ட அவ சண்டை போடறா, அழறா, போனை வெக்கறா, மறுபடி கூப்படறா. எங்கிட்ட மரியாதையா லாப்டாப்பைப் பத்திப் பேசினா. பின்னே ரெண்டு பேருக்கும் வேற என்ன பேசறதுன்னு தெரியலை, கேட்டேளா." அவருக்கும் என்மேல் அசூயை என்று அப்போதுதான் புரிந்தது. பாவம் என்று தோன்றியது, ஆனால் படகில் திரும்பி வரும்போது மறுபடியும் பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது. மரியாதையாக ஒரு மணி நேரம் என்னிடமும்தான் பேசினால் என்ன.

வீட்டுக்கு வந்து கடைக்கெல்லாம் கொடுக்கவில்லை, நானே செய்தேன். மாமிக்குச் சொன்னபடி சரியா என்று பார்த்துக்கொள். லாப்டாப்பை முழுக்க அணைத்து, சார்ஜர் ஒயரைப் பிடுங்கி, சூடு ஆறும்வரை விட்டேன். பழைய பனியன் துணி எடுக்கவில்லை, கண்ணாடிக் கடையில் கொடுக்கிற மெத்துத் துணிதான். முதலில் காய்ந்த துணியால் விபூதிப் பொடியைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன், தேய்த்தால் கீறல் விழும் அல்லவா, அப்பா போட்ட மெல்லிய கீறல் இரண்டு இருக்கிறது, அது இனிமேல் போகாது. அப்புறம் இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரைத் துணியில் தொட்டு, திரையில் நேராக ஊற்றாமல், அழுத்தாமல் மேலிருந்து கீழாகத் துடைத்தேன். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற நீலத் தண்ணீர் பக்கமே போகவில்லை. கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து மெல்லத் தட்டினேன், பூவிதழும் அட்சதையும் விழுந்தன, மிச்சத்தை மெத்தென்ற பிரஷ்ஷால் தள்ளினேன். காற்று ஜன்னலில் சந்தனத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகவே உதிர்த்தேன், ஊசியோ குச்சியோ விடவில்லை. அப்பா வாயால் ஊத வந்தார், எச்சில் ஈரம் உள்ளே போகும் என்று விரட்டினேன். எர்ணாகுளத்தில் வாங்கிய, தூசி ஊதுகிற காற்று டப்பாவை நேராகப் பிடித்து விட்டு விட்டு அடித்தேன், இடைவிடாமல் அடித்தால் உள்ளே இருக்கிற விசிறி கண்டபடி சுற்றிக் கெட்டுவிடுமாமே. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், அதனால் நன்றாகக் காய விட்டு அப்புறம்தான் ஆன் செய்தேன். உறுமல் இல்லை. மிஷின் அம்மாவுக்குச் சிரமம் என்றாயே, இதற்கு மார்க் போடு.

ஆனால் இந்த ஞாயிறு உன்னைப் பளிச்சென்று பார்த்தேன், சந்தோஷப்பட முடியவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, முகம் ஊதியிருக்கிறது, நீ நன்றாக இருக்கிறேன் அம்மா என்று சிரிக்கிறாய். இத்தனை நாள் விபூதி மறைத்துவிட்டது. டாக்டரிடம் உடனே காட்டு, பிரஷர் பார்க்கச் சொல், இதைத் தள்ளிப் போடாதே. மாமியிடம் நீ இதைச் சொல்லியிருக்க மாட்டாய், அவரும் கேட்டிருக்க மாட்டார், அவ்வளவு மரியாதை உங்களுக்குள். அவர் நல்லவர், நான் குறை சொல்லவில்லை, அப்புறமாக வந்து மூன்று மாதமோ ஆறு மாதமோ இருக்கட்டும், குட்டியைக் கொஞ்சட்டும். ஆனால் வலி எடுத்தால் மரியாதையாக யாராலும் இருக்க முடியாது, கண்ணா. கத்தணும், திட்டணும், கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தணும். மாமியாரை அப்படிச் செய்ய உனக்கு வராது, பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாய், அதை நினைத்தால் எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. உனக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டும், அதற்கு என்னைவிட்டால் யாரும் இல்லை.

அப்பா ஆசீர்வாதம் சொன்னார், கீறலை உன்னிடம் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார். தீர்க்க சுமங்கலியாக, நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, மகாராஜியாக இரு. இரும்பு மாத்திரையை மறக்காதே. டிக்கெட் யார் பேருக்கு என்று இன்றைக்கே ஹரியிடம் சொல்.

நீ திட்டுவதற்கென்றே இருக்கிற,
அம்மா நீலாம்பாள்