காயாம்பூவும் இரண்டு கண்ணீர் அஞ்சலிகளும்

திருமுல்லைவாயில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி விக்ரமுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு அம்மா, அப்பா, நான் மூவரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். எவ்வளவு நலம் என்பது படிக்கப் படிக்கத் தெரியும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. இன்ஸ்டாகிராமை மூடிவிட்டாய். போன் போட்டால் யாரோ ஒரு பெண் இந்தியில் பேசுகிறாள். தபால்காரரை மட்டும் உன்னால் பிளாக் பண்ண முடியாது. அதனால் ஸ்பீடு போஸ்ட். மும்பையில் வீட்டுக் கதவைத் திறந்து, மரியாதையாகக் கையெழுத்துப் போட்டு வாங்கு.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தெருவில் பெரிய தாதா மாதிரி நடக்கிறார். அவருக்குக் கண்ணில் புரை இருப்பதே நீ கதை எழுதும் 'ஏழாம் இருள்' தொடரால்தான் தெரிந்தது. ஆறாவது பாகத்துச் சண்டையில் யார் யாரைக் குத்தினார்கள் என்றே தெரியவில்லை, திரை முழுக்க மை பூசின மாதிரி இருக்கிறது என்று டாக்டரிடம் போனார். எங்களுக்கும்தான் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவருக்கு மட்டும் நிஜமாகவே புரை இருந்தது. அடுத்த தடவை சண்டைக் காட்சியில் நாலு தீப்பந்தமாவது கொளுத்தச் சொல்லு. லேபில் என்னை பில் போடும் கவுண்டரிலிருந்து ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டருக்கு மாற்றியிருக்கிறார்கள். முன்பு காசுக்காகத் திட்டு வாங்கினேன், இப்போது சர்க்கரை அளவுக்காகத் திட்டு வாங்குகிறேன்.

இனி உன் கதை விஷயம். உன்னோடு பத்தாவது வரை படித்த டில்லிபாபு, ஸ்டேஷன் ரோட்டு பிளெக்ஸ் கடைக்காரன், தொடர் ஆரம்பித்ததிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் கடை மொட்டைமாடியில் புரொஜெக்டர் வைத்து ஊருக்கே போட்டுக் காட்டுகிறான். ஒரு பழைய கல்யாண பேனரின் வெள்ளைப் பக்கம்தான் திரை. கொஞ்சம் வெளிச்சமான காட்சி வந்தால் பின்பக்கத்து மாப்பிள்ளை முகம் லேசாகத் தெரியும். பேய்க் கோட்டையில் அந்த ஆள் சிரித்துக்கொண்டு நிற்பது எங்களுக்குப் பழகிவிட்டது. முடிவில் பெயர்கள் ஓடும்போது உன் பெயர் வந்ததும் விசில் பறக்கும். அம்மா அப்போது மட்டும் முந்தானையைச் சரிசெய்துகொள்வாள், அவளையே யாரோ மேடைக்குக் கூப்பிட்ட மாதிரி.

அப்படி இருந்த கூட்டம் ஆறாவது பாகத்தில் உடைந்தது. வீட்டுக்கு வீடு விளக்கேற்றி வைத்துக்கொண்டு போன காயாம்பூவுக்குள் அந்த இருட்டே புகுந்துவிடுகிறது. அவள் அக்காவாக இருந்து வளர்த்த திகழன் தன் கையாலேயே அவளைக் கொன்றுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துவிடுகிறான். உடனே மாடியில் ஆரம்பித்தது பார் ஒரு சண்டை, சட்டசபை தோற்றது. எதிர் பிளாட்டில் குடியிருக்கும் நாகர்கோவில்காரப் பெண் ஜெபா, ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாளே, அவள் உன் பக்கம். நாலாவது பாகத்திலேயே காயாம்பூவின் நிழல் சுவரில் விழவில்லை, அறிகுறியை அப்போதே காட்டிவிட்டார்கள், இது நியாயமான சாவு என்றாள். டில்லிபாபு துள்ளிக் குதித்தான். 'இன்னா சிஸ்டர் அறிகுறி? அவ நல்லவ. நல்லவள சாவடிக்கிறதுக்கு எதுக்கு ஒரு கத? அதுக்குத்தான் ஊரு கீதே' என்றான். நடுவில் யாரோ காயாம்பூ என்றால் சிம்ரன்தான், அதாவது நான்தான், தம்பிக்காரன் அக்காவைக் கதையில் தீர்த்துக் கட்டிவிட்டான் என்று கிளப்பிவிட்டார்கள். நான் எந்த வீட்டிலடா விளக்கேற்றினேன், நம் வீட்டு பல்பையே அப்பாதான் மாற்றுகிறார்.

அம்மாவுக்குக் காயாம்பூ செத்ததில்கூட வருத்தமில்லை. 'செத்தவள அப்டியே போட்டுட்டா போவாங்க? ஒரு புடி மண்ணு போட வாணாமா?' என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த காட்சியே போர் என்று போய்விட்டார்களே, அழக்கூட நேரம் கொடுக்கவில்லையே என்றாள். மாடியில் இருந்த இரண்டு கட்சியும் அதை மட்டும் ஒப்புக்கொண்டது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் டில்லிபாபு காயாம்பூவுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தான். குத்துவிளக்கு, தோற்றம், மறைவு, 'ஆறாத் துயரில் திருமுல்லைவாயில் உடன்பிறப்புகள்' என்று நிஜமாகவே ஒருவர் போன மாதிரி. ஸ்டேஷன் சுவரில் பார்த்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கதை தெரியாத ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அம்மா போய் ஒரு முழம் பூ சாத்திவிட்டு வந்தாள். அதுவரைக்கும் எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது தம்பி.

இன்டர்நெட்டில் உன்னை என்ன பாடு படுத்தினார்கள் என்று நானும் படித்தேன். எல்லாவற்றையும் படித்தேன். எழுதுகிறவர்கள் ஏழு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து முடிவெடுப்பது என்று நீ சொல்லியிருக்கிறாய். ஆனால் உன் பெயரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பல பேருக்குப் பதினெட்டு வயதுகூட இருக்காது. உன்னைக் கொல்ல வேண்டும், நீயே செத்துவிடு என்றெல்லாம் சிரிப்புப் பொம்மை போட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு கற்பனைப் பெண்ணுக்காக நிஜ மனுஷனை இப்படிச் சொல்லலாமா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ கடைசியாக அனுப்பிய குரல் செய்தியை நான் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. 'அவங்க சொல்றதும் சரிதான்க்கா, எனக்கு எழுதத் தெரியல, ரொம்ப அசதியா கீது' என்றாய். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்கிறது. அதற்குப் பிறகு உன் போன் அணைந்ததுதான்.

அடுத்து நடந்ததை உனக்குச் சொல்லக்கூடாது என்றிருந்தேன். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. டில்லிபாபுவும் உனக்கு நாளெல்லாம் போன் போட்டுப் பார்த்திருக்கிறான். கிடைக்கவில்லை. உன்னைச் சீண்டிவிட்டால் வெளியே வருவாய் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. உனக்கே ஒரு கண்ணீர் அஞ்சலி அடித்தான். அதே குத்துவிளக்கு, நடுவில் உன் காலேஜ் போட்டோ. மறைவு என்ற இடத்தில் ஆறாவது பாகம் வந்த தேதி. கீழே பொடி எழுத்தில் 'காயாம்பூவைக் கொன்றதால் எங்கள் மனதில் மறைந்த கதாசிரியர்' என்று இருந்ததாம். போட்டோ எடுத்து எங்காவது போட்டுவிட்டால் உன் கண்ணில் படும் என்று நினைத்தானாம். காயாம்பூ பக்கத்திலேயே ஒட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்து ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள் நம் பேபி அத்தை. அண்ணன் மகன் படத்தையும் குத்துவிளக்கையும்தான் பார்த்தாள். பொடி எழுத்தை யார் படிப்பது? ஆட்டோவை நிறுத்தி இறங்கி, ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் லேபில் இருந்தேன். எனக்குத் தகவல் வந்து நான் ஓடி வருவதற்குள் நம் வீட்டு வாசலில் வாடகை சேர்களை இறக்கிவிட்டார்கள். ஒருவர் சாமியானாவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் சாவு வீட்டுக்கு உதவி செய்ய யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, உனக்குத் தெரியும். எல்லோரும் பாசத்தில்தான் வந்தார்கள். அதுதான் பயமாக இருந்தது.

அப்பா கறுப்புக் கண்ணாடியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆபரேஷன் பண்ணிய கண், அழக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அம்மா அழவில்லை. கையில் போனோடு வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். பெண்கள் சேரைப் போட்டு உட்கார் உட்கார் என்று இழுத்தார்கள். உட்காரவே இல்லை. உன் நம்பரைப் போட்டுப் போட்டு, அந்த இந்திக்காரி பேச ஆரம்பித்ததும் அவளிடமே பேசினாள். 'தாயே, நான் அவன் அம்மா பேசுறேன். எம் புள்ள கீறானா? கீறான்னு மட்டும் சொல்லும்மா' என்றாள். அது பதிவு செய்த குரல் என்று நான் சொல்லவில்லை. சொல்ல என்னால் முடியவில்லை தம்பி.

உன் கம்பெனியின் நம்பரை ஜெபாதான் தேடிப் பிடித்தாள். எடுத்த பெண்ணிடம் ஜெபா இங்கிலீஷிலும் நான் அழுகையிலும் பேசினோம். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நீ ஆபீஸில்தான் இருக்கிறாய், மீட்டிங் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாய், பிறகு பேசுவதாகச் சொன்னாய் என்றாள். கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்றும் தானாகவே சொன்னாள். நீ இருக்கிறாய் என்று நான் கத்தினேன். தெருவே கை தட்டியது. பேபி அத்தை அந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் வேம்புலியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மா அப்போதும் உட்காரவில்லை. நேராகப் போய் உலை வைத்தாள்.

டில்லிபாபு சாயங்காலம் வந்தான். எல்லாப் போஸ்டரையும் நகத்தாலேயே சுரண்டி எடுத்திருக்கிறான், விரலெல்லாம் ரத்தம். வாசலிலேயே குந்திக்கொண்டு, 'காண்டாயி என்ன அசிங்கமா திட்றதுக்காவது கூப்புடுவான்னு நெனச்சேன்மா' என்று சொல்லிச் சொல்லி அழுதான். அப்பா அடிக்கக் கையை ஓங்கினார். அம்மா தடுத்து, அவனுக்கும் சோறு போட்டாள். போடும்போது ஒன்று சொன்னாள். அதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். 'அந்தத் திகழன் இன்னாத்துக்குத் திரும்பாம நடந்தான்னு இப்பத்தான் எனக்குப் புரிஞ்சிது டில்லி. ஒக்காந்தா எழுந்துக்க முடியாதுடா. எம் புள்ள சரியாத்தான் எழுதிக்கீறான்.'

எழுதத் தெரியாது என்று இனிமேல் சொல்லாதே. காயாம்பூவை அப்படி முடித்தது சரியா தப்பா என்று ஜெபாவும் டில்லிபாபுவும் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள், வெள்ளிக்கிழமை மறுபடியும் மாடியில் கூட்டம் கூடும். அவர்கள் சண்டை போடட்டும். நீ அதற்குப் பதில் சொல்ல வேண்டாம். கதையை மாற்ற வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம், வேலையை விட்டுவிட்டு வரத் தோன்றினால் வந்துவிடு, அப்பா பென்ஷனில் நாம் நாலு பேரும் தாராளமாகச் சாப்பிடலாம். தனியாக மட்டும் இருக்காதே. அந்த அறையில் இருக்கும் ஆறு பேரில் ஒருவரையாவது நம்பி, முடியவில்லை என்று சொல்லு.

நீ பிறகு பேசுவதாகச் சொன்னாய் என்றதிலிருந்து அம்மா குளிக்கப் போகும்போதும் போனை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள். கூப்பிடு. அவள் திட்டுவாள், அழுவாள், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாள். உனக்குப் பேச்சு வராவிட்டால் பேசாதே, நீ மூச்சு விடுவது கேட்டால்கூட அவளுக்குப் போதும்.

நன்றாக எழுது, பெரிய ஆளாக வா என்று வாழ்த்தித்தான் உன்னை ரயில் ஏற்றினேன். இப்போது அதெல்லாம் வேண்டாம். நீ இரு, தம்பி. இருந்தால் போதும்.

உன் அக்கா,
து. சிம்ரன்.