வந்துருச்சுங்க, ராவுத்தரே

கவுண்டரே,

இன்று கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் ஒரு காளையைக் கயிறு போட்டுத் தள்ளி லாடம் கட்டினார்கள். அது தரையில் விழுந்த சத்தத்துக்கே என் தோள் இரண்டும் தூக்கிக்கொண்டன. சீவிய குளம்பின் வாடை மூக்கில் ஏறியதும், உங்கள் கையில் சாட்டைக் கம்பு இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வெள்ளாமைக் காலமே முடிந்துவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

அதே இடத்தில்தானே அந்த லாடக்காரனை அடித்தீர்கள்? ஆணி கொஞ்சம் ஆழமாக இறங்கியது, மாடு துள்ளியது, அவ்வளவுதான். கம்பு அவன் முதுகில் முறிந்தது. முறிந்த பாதியாலும் அடித்தீர்கள். நாலு பேர் சேர்ந்து உங்களை இழுத்தோம். மூச்சு அடங்கியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் என்னங்க பண்றது, கோவம் வந்துருச்சு" என்றீர்கள். அடுத்த சந்தைக்கு உங்களிடமிருந்து அவனுக்கு ஒரு சிப்பம் கருப்பட்டி வந்தது. உங்களிடம் அடி வாங்கிய எல்லார் வீட்டிலும் கருப்பட்டி இருந்தது. உங்கள் வீட்டம்மா ஒருமுறை என் வீட்டுக்காரியிடம், "எங்க ஊட்ல இனிப்புக்குக் கொறையே இல்லீங்க" என்று சொல்லிச் சிரித்தாராம். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் தம்பி விஷயத்தில்தான் எல்லாம் எல்லை மீறியது. எருத்தேன்பதியில் உங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே கிணறு. யார் முதலில் தண்ணீர் இறைப்பது என்ற பேச்சில் அவன் காதோடு சேர்த்து அறைந்தீர்கள். விழுந்தவனை மிதித்தீர்கள். காதிலிருந்து ரத்தம் வடிந்தது. அந்தக் காது அன்றோடு போயிற்று. அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. உங்களுக்கு அடிப்பது பழகியிருந்த மாதிரி அவனுக்கு வாங்கிக்கொள்வது பழகியிருந்தது. அந்த முறை நீங்கள் கருப்பட்டி அனுப்பவில்லை. என்னிடம் வந்து உட்கார்ந்து, "ஒரு நாளைக்கு அவனெக் கொன்னே போட்டுருவனுங்க, ராவுத்தரே" என்றீர்கள். உங்கள் குரலில் மிரட்டல் இல்லை, பயம்தான் இருந்தது.

கோபம் என்னவோ கூப்பிடாமல் வந்துவிடுகிற விருந்தாளி என்பது போலப் பேசுவீர்கள். வந்துவிட்டது, நான் என்ன செய்ய! கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருவதென்றால் அதற்கு ஒரு வழி இருக்க வேண்டும், அந்த வழியில் போய் நிற்கலாமே என்று அன்று கேட்டேன். அந்த வழி எனக்குத் தெரிந்திருந்தது. மாட்டு விலையை வாயால் சொல்லாமல் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுகிற தொழில் நம்முடையது. உங்கள் விரலை நான் பிடித்ததுபோல் வேறு யார் பிடித்திருக்கிறார்கள்? முகத்தில் ஒன்றும் தெரியாதபோதே உங்கள் சுண்டுவிரல் சில்லிட்டு உள்ளே மடங்கும். பிறகு காது சிவக்கும். கை ஓங்குவது கடைசியில்தான். இதைச் சொன்னதற்கு என்னையே அடிக்க வந்தீர்கள். வந்த கையைப் பிடித்து, மடங்கியிருந்த விரலைத் தொட்டுக் காட்டினேன். நீங்கள் அதை ஏதோ அடுத்தவன் விரலைப் பார்ப்பது போலப் பார்த்தீர்கள்.

அன்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். விரல் மடங்கினால் பக்கத்தில் இருப்பவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு "வந்துருச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அடித்த பிறகு சொல்லும் சொல்லை அடிக்கு முன்னால் சொல்ல வேண்டும், வேறொன்றுமில்லை. கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. பாதிக்குப் பாதி தோற்றீர்கள். உங்கள் வண்டிக்காரனின் முன்பல் போனது அந்த நாட்களில்தான்.

அப்புறம் அந்தச் சந்தைக் கூத்து. பொள்ளாச்சிக்கு பஸ் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. தாராபுரம் பக்கத்து ஆள் ஒருவன், துண்டுக்கடியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டே, தம்பி காதைக் கெடுத்த மகராசன் நீங்கள்தானா என்று கேட்டுவிட்டான். உங்களுக்கு விரல் மடங்கியது. ஏற்பாட்டின்படி பக்கத்தில் இருந்த கையை இறுகப் பிடித்தீர்கள். அது அவன் கை! ஐந்து விரலையும் பிடித்ததை விலைக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அவன் மாட்டுக் கயிற்றை உங்கள் கையில் திணித்தான். கோபத்தை அடக்குவதிலேயே குறியாக இருந்த நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். கயிறு கை மாறினால் மாடும் மாறியதுதான். சந்தை தாண்டி வந்து பார்த்தால் அதன் முதுகில் இரண்டு பக்கமும் மயிர் சுழித்துப் பாடைச்சுழி. வீட்டில் பிணம் விழ வைக்கும் என்று எந்தக் குடியானவனும் தொடாத மாடு. சுழி பார்க்க ஊரே உங்களைத்தான் தேடி வரும்.

உங்கள் தோட்டத்துக்கு நானும் கூடவே வந்தேன். கிணற்று மேட்டில் உங்கள் தம்பி மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். சுழியைப் பார்த்தான், சிரித்தான். வாழ்நாளில் முதல்முறையாக உங்களைக் கேலி செய்தான். "பாடை யாருக்குங்கண்ணா, எனக்கா உங்களுக்கா?"

வேலியில் செருகியிருந்த கொடுவாள் எப்போது உங்கள் கைக்கு வந்தது என்று நான் பார்க்கவில்லை. அவன் ஓடவில்லை. பழக்கம்! தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பாய்ந்து உங்கள் இடக்கையைப் பிடித்தேன். விரல் ஐஸாக இருந்தது. வலக்கையில் வாள் தலைக்கு மேலே இருந்தது. நீங்கள் இறுக்கிய இறுக்கில் என் விரல் இரண்டு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அப்போதுதான் கத்தினீர்கள்.

"வந்துருச்சுங்க, ராவுத்தரே! வந்துருச்சு! அவனெப் போகச் சொல்லுங்க!"

வாள் இறங்கியது. அவன் கழுத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கிணற்று மரத்தூணில் பாய்ந்து நின்றது. அதைப் பிடுங்க மூன்று ஆள் வேண்டியிருந்தது. நீங்கள் சேற்றில் உட்கார்ந்து வாந்தி எடுத்தீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் யாரையும் அடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். மாடுகளை அடித்தீர்கள். மனிதர்மேல் கை வைக்கவில்லை. வைக்காமல் இருக்க ஒவ்வொரு முறையும் நீங்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். என் விரல்கள் கோணலாகவே கூடின. அதற்காக நீங்கள் கருப்பட்டி அனுப்பாததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

உங்களுக்குப் பிள்ளை இல்லாததால் தம்பிதான் கொள்ளி வைத்தான். காரியமெல்லாம் முடிந்து என் வீட்டுக்கு வந்து, கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான்.

"எனக்கு இப்பத்தானுங்க கோவம் வருது. அண்ணன் மேல."

செத்தவர்மேல் என்ன கோபம் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. உங்கள்மேல் எனக்கு உயிர், ஆனாலும் அவன் கோபம் நியாயமான கோபம். நீங்கள் இருந்தவரை பயம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கையைக் கொடுங்கள் என்றேன். கொடுத்தான். சுண்டுவிரல் சில்லிட்டு மடங்கியிருந்தது.

இப்போது சந்தைக்குச் சந்தை வருகிறான். சில நாள் அவன் பிடிக்கிற பிடியில் பழைய முறிவு வலிக்கும். விடச் சொல்வதில்லை. உங்கள் கோபத்தைப் பிடித்த கை இது, கவுண்டரே. உங்கள்மேல் வந்திருக்கும் கோபத்தையும் இதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.