மூஸ் என்ற பெயர்

அன்பு மகளுக்கு,

இதை எழுதுபவன் உன் அப்பா, வக்கீல். சுயநினைவோடும் எவருடைய வற்புறுத்தலும் இன்றியும் எழுதுகிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் உன் இனிப்புக் கடைக்கு ‘மூஸ்’ என்று பெயரிடப்போவதாகச் சொன்னாய். அந்தப் பிரெஞ்சு நுரை இனிப்பின் பெயர் பல மொழிகளுக்கும் பொதுவாகிவிட்டது, அதில் எவரும் தனியுரிமை கோர இயலாது என்று நான்கு பக்கக் கருத்துரை எழுதித் தந்தேன்.

“நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமாப்பா?” என்று கேட்டுவிட்டுப் போனாய். திறப்பு விழாவுக்கு நான் வரவில்லை.

உன் அம்மாவுக்கு இப்போது திட உணவு இறங்குவதில்லை. நேற்று மருத்துவமனைக்கு எதிர்க் கடையில் மூஸ் வாங்கி ஊட்டினேன். ஒரு கரண்டியோடு போதுமென்றாள்.

“இது அவ பண்ணது இல்ல. அவளுக்கு எழுதுனீங்களா?”

“எழுதிட்டேன். பதில்தான் வரல.”

“இத்தனை வருஷம் வக்கீலா இருந்தும் பொய் சொல்ல வரலையே உங்களுக்கு!”

இன்றுதான் எழுதுகிறேன். என் அழைப்புகளை நீ எடுப்பதில்லை என்பதால் ஆள் மூலம் அனுப்புகிறேன். இந்த வாரம் தாண்டாது என்கிறார் டாக்டர்.

பெயர் நன்றாக இருக்கிறது, மகளே. அன்றும் நன்றாகத்தான் இருந்தது. உடனே வா.

இப்படிக்கு,
உன் அப்பா (கையொப்பம்)

சாட்சிகள்:
1. உன் அம்மா. வாசிக்கக் கேட்டு, பேனா பிடிக்க இயலாமல் வைத்த பெருவிரல் ரேகை.
2. அந்த விரலைப் பிடித்துக்கொண்ட நர்ஸ்.