வேல்ஸ் மரத்துண்டு

18 அக்டோபர் 1997, சனி

வேல்ஸ் தனக்கென ஒரு சட்டமன்றம் கேட்டு நடத்திய வாக்கெடுப்பைப் பற்றிப் போன மாதம் நம் வார இதழில் எழுதினேன். அதில் ஒரு பத்தி மரத்துண்டைப் பற்றியது. சென்ற நூற்றாண்டில் அங்கே சில பள்ளிகளில் வெல்ஷ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அந்தப் பிள்ளை, அடுத்து வெல்ஷ் பேசும் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் அது கைமாறும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ, அந்தப் பிள்ளைக்கு அடி.

இன்று, பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் வில்லரே பகுதியில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனேன். ஒரு சிறுமியின் கழுத்தில் அப்படியே ஒரு மரத்துண்டு.

"உங்கட கட்டுரையைப் பாத்துத்தான் அண்ணை செய்தனான்," என்றார் வகுப்பு நடத்தும் யோகம் ரீச்சர். "பிரெஞ்சு கதைச்சாப் போடுறது. அடியில்லை, கடைசியில வகுப்பறையைக் கூட்டித் துப்புரவாக்கவேணும். இப்ப ஒருத்தரும் பிரெஞ்சு கதைக்கிறேல்லை."

"தமிழ் கதைக்கினமோ?"

"ஒண்டுமே கதைக்கினமில்லை. அது பேந்து வரும்."

பெற்றோருக்கும் திருப்தியாம். ஒரு மொழியை ஒடுக்கச் செய்ததை இன்னொரு மொழியைக் காக்கச் செய்தால் அது வேறாகிவிடுமா? எனக்குத் தெரியவில்லை. கழற்றச் சொல்ல நான் யார் என்பதும் தெரியவில்லை.

ரீச்சர் அந்தப் பக்கம் போனதும் சிறுமியிடம், "இதை ஆருக்குக் குடுக்கப்போறாய்?" என்று கேட்டேன்.

"தங்கச்சிக்கு. இடைவேளைக்குப் பிறகு வந்து பிரெஞ்சு கதைப்பா. அவவுக்கு இதைப் பற்றி ஒண்டும் தெரியாது."

பிழையில்லாத தமிழில் சொன்னாள். நான் ஏனோ தலையாட்டினேன். அப்படியே மெட்ரோவுக்கு நடந்துவிட்டேன்.