இடப்பக்கம் போகிற பந்து

ஜூன் 11, போர்ட் பிளேர்

விமானம் இறங்கும்போதே மழை. சென்னைக் கூடைப்பந்து அணிக்கு ஆள் பார்த்துக் கொடுப்பது என் வேலை. இப்போது அந்த வேலையே ஆட்டம் கண்டிருக்கிறது. போன வருடம் நான் கொண்டுபோன இரண்டு நெட்டையர்களும் தேறவில்லை. கிளம்பும்போது மேனேஜர் முத்துகிருஷ்ணன் சார் சொன்னார்: "உமா, இந்த ஆளும் சொதப்பினா உங்களுக்காக நான் மேல பேச முடியாது." இதுவரை பேசியிருக்கிறாராக்கும்! மத்தியானம் மீன் சாப்பாடு வாங்கினேன், மீனைத் தொடாமலே வைத்துவிட்டேன்.

ஜூன் 12

ராபினைப் பார்த்தேன். ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்குகிறான். ஆறடி ஒன்பது அங்குலம். ஷிஃப்ட் முடிந்து கம்பூட்டைக் கழற்றிவிட்டு, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள சிமெண்ட் கோர்ட்டுக்கு வந்தான். ஒரு பக்கத்துக் கம்பம் துருப்பிடித்து விழுந்துவிட்டது. மிச்சமிருப்பது ஒரே ரிங். இடப்பக்கம் கடல். என் குடை இரண்டு தடவை மடங்கிக்கொண்டது.

அந்த உயரத்தில் இருப்பவர்கள் ரிங்குக்குக் கீழே நின்று திணிப்பதோடு சரி. இவன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று போட்டான். விழுந்தது. மறுபடியும், மறுபடியும் விழுந்தது. எப்போதாவது தவறினால் பந்து சாக்கடைக்குப் போகும் முன்னால் ஓடிப் பாய்ந்து பிடிக்கிறான். நாளெல்லாம் மூட்டை இறக்கிய உடம்பு!

சாருக்குப் போன் செய்து "கிடைச்சிட்டான்" என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஜூன் 13

உள்ளரங்கில் ஒரு மணி நேரம் கிடைத்தது.

ஒன்றும் விழவில்லை. ஒன்றுகூட. சார் வேறு வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார். "இவனா?" என்றார்.

ராபின் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். "எக்கா, நேத்து நல்லாத்தான போட்டேன்?"

நல்லாத்தான் போட்டான். அப்படியென்றால் இன்று நடந்தது என்ன? ஆள் பார்க்கவே தெரியாமல் போய்விட்டதா எனக்கு?

ஜூன் 14

சொல்லிக்கொண்டு போகத்தான் கோர்ட்டுக்குப் போனேன். அவன் இன்னும் வரவில்லை. சும்மா நிற்பானேன் என்று பந்தை எடுத்துப் போட்டேன். மாநிலத்துக்கு ஆடியவளாயிற்றே. வலப்பக்கம் போனது. அடுத்ததும் அப்படியே. டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் "க்யா மேடம்!" என்று சிரித்தார். எரிச்சலில் இன்னும் போட்டேன் — எல்லாம் வலப்பக்கம். என் துப்பட்டாவும் வலப்பக்கம்தான் பறந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. காற்று!

நேற்று அரங்கில் பதிவுசெய்துவைத்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். அவன் தவறவிட்டது எல்லாமே இடப்பக்கம். எல்லாம் ஒரே இடத்தில், ரிங்குக்கு ஒரு சாண் தள்ளி. என் புத்தியை என்ன சொல்ல!

ராபின் வந்ததும் காட்டினேன். வாயைப் பிளந்தான்.

"இங்க ரிங்கப் பாத்துப் போட்டா போவாதுக்கா. கடல் பக்கமா தள்ளிப் போடணும். யோசிச்சு ஒண்ணும் போடுகது இல்ல, கை தன்னால போடும்."

"அரங்கத்துல காத்தே இல்லையே?"

"அது கைக்குத் தெரியாண்டாமா?"

"டிசம்பர்ல காத்து அந்தப் பக்கம் திரும்புமே, அப்ப என்ன பண்ணுவே?"

"ரெண்டு வாரம் ஒண்ணும் விழாது. பயலுவ கேலி பண்ணுவானுவ. பொறவு சரியாயிரும்."

வருடத்துக்கு இரண்டு தடவை புதிதாகப் பழகிக்கொள்கிற கை!

ஜூன் 15

அரங்கத்தில் பேட்மின்டன் போட்டியாம், தர மாட்டார்கள். நாளை எனக்கு விமானம். நிரூபிக்க வழியில்லை.

சாரிடம் சொன்னேன். "காத்தா?" என்று சிரித்தார். பிறகு, "செப்டம்பர் வரைக்கும் வெச்சுப் பாப்போம். தேறலைன்னா அவனோட சேர்ந்து நீங்களும் கிளம்பிடணும்." சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ராபினின் அம்மா செல்வம்மாள் கேட்டார்: "மெயின்லேண்டுல முடியாதுன்னு அனுப்பிட்டா, இங்க திரும்ப வேலைக்கு எடுப்பாவளா மோளே?"

என் போன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 2, சென்னை

இடப்பக்கம்.

ஜூலை 17

இன்னும் இடப்பக்கம். எல்லோருக்கும் முன்னால் வருகிறான், எல்லோரும் போன பிறகுதான் போகிறான். ரெண்டு வாரம்னு சொன்னியேடா! கேட்கவில்லை. கேட்டால் அவன் அழுவானோ நான் அழுவேனோ.

ஆகஸ்ட் 6

சில நாள் விழுகிறது, சில நாள் இல்லை. இதில் எது அவன் கை? சார் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டுவிட்டார்.

செப்டம்பர் 4

பத்து நாளாக நன்றாக விழுகிறது. நிலைக்குமா? மாதா திருவிழாவுக்குப் போர்ட் பிளேர் போக லீவு கேட்கிறான். பகீரென்றது. அந்தக் காற்றில் நின்று போட்டால் பழைய கை திரும்பிவிடாதா? திருவிழாவுக்குப் போகாதே என்று எந்த வாயால் சொல்வது? போகட்டும்.

செப்டம்பர் 8

சாயங்காலம் ராபின் கூப்பிட்டான். பின்னால் பேண்டுச் சத்தம், பயல்களின் கூச்சல்.

"எக்கா, மானம் போச்சு. கோர்ட்டுல எல்லாவனும் சுத்தி நின்னு சிரிக்கானுவ. ஒண்ணும் விழல்ல."

எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டேன்.

"வலப்பக்கம். அன்னைக்கு உங்களுக்குப் போச்சுல்லா, அதே மாதிரி."

"எல்லாமா?"

"எல்லாந்தான்!" என்று அவனே சிரித்தான்.

உடனே சாருக்குப் போன் செய்து, "அங்க காத்துல ஒண்ணும் விழலையாம் சார், பழைய கை போயிடுச்சு!" என்று சொன்னேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "திரும்பி வந்ததும் கையெழுத்து போடச் சொல்லுங்க" என்றார்.

நன்றாகப் பசித்தது. மீன் வாங்கப் போனேன்.