ஏழாவது ஸ்டேஜில் உடைந்த பாலம்

உன் வீட்டுக்காரர் போன வாரம் என் அலுவலகத்துக்கே வந்து ஒரு துணிக்கடைப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே நம் மஞ்சள் கேசட். "பீரோவ ஒழிச்சேன். இது உங்ககிட்டதான் இருக்கணும்னு சொல்லிட்டிருப்பா" என்றார். அவர் படியிறங்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு பக்கத்து மேசைக்காரர் பார்ப்பாரே என்றுகூட நினைக்காமல் கேசட்டைத் திருப்பி அதன் வாயில் 'ஃபூ' என்று ஊதினேன். தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் அந்துருண்டையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. ஊதினால்தான் கேம் ஓடும் என்று நாம் சத்தியமாக நம்பிய காலத்தின் வாசனை. அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உனக்குச் சொல்ல வேண்டிய சேதி நிறைய சேர்ந்துவிட்டது. முக்கியமானது ஒன்றுதான். அதற்கு வருகிறேன்.

நம் ரசிகர் குரூப் இப்போது கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷம் இழுத்தடித்த கம்பெனி, நம் கீரி கேமின் அடுத்த பாகம் வரப்போகிறது என்று அறிவித்துவிட்டது. அதற்கு முன்னால் ரசிகர்களைச் சூடேற்ற, முதல் பாகத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கி மறுபடி வெளியிட்டிருக்கிறது. தலை நரைத்த ஆம்பிளைகள், பிள்ளைகளுக்குக் காதுகுத்து முடித்தவர்கள், 'புதுசில் கீரிக்குக் கழுத்தில் சிவப்புத் துண்டு இருக்குமா இருக்காதா' என்று காலையிலிருந்து அடித்துக்கொள்கிறார்கள். நீ இருந்தால் இரண்டு பக்கமும் கொளுத்திப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பாய்.

அது கீரியே இல்லை, நீர்நாய் என்பது நமக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. கேசட்டில் ஒட்டியிருந்த படம் பாதி கிழிந்திருந்தது. நீதான் பார்த்துவிட்டு "கீரிடி இது" என்று பெயர் வைத்தாய். முதலியார்பேட்டையில் நம் தெரு முழுக்க அதுவே பெயராகிவிட்டது.

நம் இரண்டு பேருடைய அப்பாவும் ஒரே மில். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். டிவி உன் வீட்டில் இருந்தது, கேம் பெட்டி என் வீட்டில் இருந்தது. அதனால் எவ்வளவு பெரிய சண்டை போட்டாலும் சாயங்காலத்துக்குள் ராசியாகியே தீர வேண்டும். முன்கோபக்காரியான எனக்கு முப்பது வருஷம் ஒரே தோழி நிலைத்ததற்கு முதல் காரணம் அந்த ஏற்பாடுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கேசட் மட்டும் பொது. வீராம்பட்டினம் தேருக்குப் போனபோது வழியோரக் கடையில் உன் மாமா வாங்கிக் கொடுத்தது. நம் தெருவில் இன்னும் நாலைந்து வீட்டில் அதே கடையில் அதே கேசட்டை வாங்கியிருந்தார்கள். ஆட்டத்துக்கு நாம் வைத்துக்கொண்டது ஒரே சட்டம்: செத்தால் கையை மாற்ற வேண்டும். நான் கிடுகிடுவென்று ஓடி மூன்றாவது நிமிஷத்தில் செத்துப்போய் உன்னிடம் கொடுத்துவிட்டு, அப்புறம் அரைமணி நேரம் காத்துக் கிடப்பேன். நீ ஒவ்வொரு படியிலும் நின்று யோசிப்பாய். "இன்னாடி தூங்குறியா?" என்று நான் உன் முட்டியில் உதைப்பேன். நடுநடுவே உன் அம்மா வந்து டிவியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "அடுப்பா கொதிக்குது, நிறுத்துங்கடி ரெண்டு பேரும்" என்று சுவிட்சை அணைத்துவிடுவார்கள்.

ஏழாவது ஸ்டேஜ்தான் நம்மை உட்கார வைத்தது. ஒரு ஆறு, அதன் மேல் மரப்பாலம், பாலத்தின் நடுவில் நாலு கட்டை இல்லை. எவ்வளவு ஓடிவந்து தாவினாலும் கீரி அந்த ஓட்டையில் விழுந்து தண்ணீரில் போய்விடும். எதிரே ஒரு கொக்கு வேறு பறந்து வரும், முட்டினால் உயிர் போகும். அதனால் பாலத்தில் கால் வைத்ததும் எல்லோரும் செய்யும் முதல் வேலை கொக்கைக் கல்லால் அடிப்பது. ஆடித் தேருக்கு வாங்கிய கேசட், தீபாவளி வந்தும் ஏழாவது ஸ்டேஜைத் தாண்டவில்லை. தெருவில் யாருமே தாண்டவில்லை. அதற்கு மேல் ஸ்டேஜே கிடையாது என்றுகூடச் சில பேர் முடிவுகட்டிவிட்டார்கள்.

ஐப்பசி மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு மத்தியானம் நான் வழக்கம்போல் கொக்கை அடிக்கப் போனபோது நீ என் கையைப் பிடித்தாய்.

"அடிக்காத. அது போவட்டும்."

"போவட்டுமா? வந்து முட்டும்டி."

"குனிஞ்சிக்கோ. போவட்டும். திரும்பி வரும்போது நமக்கு வேணும்."

கீரி குனிந்தது. கொக்கு தலைக்கு மேலே போய், திரையின் ஓரத்தில் திரும்பி, மறுபடி நம்மைத் தாண்டி ஓட்டையை நோக்கிப் பறந்தது. நீ அதன் பின்னாலேயே ஓடித் தாவச் சொன்னாய். தாவினேன். நட்டநடு ஓட்டைக்கு மேல் கொக்கின் முதுகில் கீரியின் கால் பட்டது, பட்டதும் இன்னொரு எம்பு எம்பி அந்தப் பக்கத்துக் கட்டையில் போய் நின்றது. நாம் போட்ட கூச்சலில் உன் அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்கள். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்துவிட்டார்கள் பாவம். அந்த வாரம் முழுக்கத் தெருப் பிள்ளைகள் உன் வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள். நீ ராணி மாதிரி உட்கார்ந்து ஒவ்வொருத்தருக்கும் காட்டினாய்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தை நம்மோடு ஒட்டிக்கொண்டது. எனக்குப் பார்த்த முதல் மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டுப் பின்வாங்கியபோது நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது அதுதான். "போவட்டும் விடுடி." மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு நான் ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்து எடுத்து வந்தபோதும் அதுதான். கடிதத்தை வாங்கி மடித்து உன் பையில் வைத்துக்கொண்டாய். இன்றுவரை திருப்பித் தரவில்லை. அதே அலுவலகத்தில், அதே நாற்காலியில் இருந்துதான் இதை எழுதுகிறேன். என் சம்பளம், என் வீடு, பிறகு எனக்கு வாய்த்த நல்ல மனுஷன், எல்லாவற்றிலும் நீ பிடித்து நிறுத்திய கை இருக்கிறது. இதை உன்னிடம் நேரில் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் கிண்டலடித்தே கொன்றிருப்பாய்.

கல்யாணமாகி நீ அரியாங்குப்பம் போனாய். மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு மேற்பார்வை. கீரி மறந்துபோகும் என்றுதான் நினைத்தேன். செல்போன் வந்து, யாரோ ஆரம்பித்த ரசிகர் குரூப்பில் நான் சேர்ந்து, உன்னையும் இழுத்துப் போட்டேன். நூற்றுச் சொச்சம் பேரில் நாம் இரண்டு பேர் மட்டும் பொம்பிளைகள். அங்கே நம் சண்டை பிரசித்தம். நாலாவது பாகத்தில் கீரி வாயைத் திறந்து பேச ஆரம்பித்ததும் நான் கைகழுவிவிட்டேன். இனிமேல் இதைத் தொடாமல் விட்டால் போதும், இருக்கிற மானமாவது மிஞ்சும் என்று எழுதுவேன். நீ உடனே பதில் போடுவாய்: "நாம வெளையாடிட்டோம்னு கடைய மூடிடணுமா? வர்ற புள்ளைங்களுக்கு வேணாமா? வரட்டும்டி." உனக்குத்தான் கைதட்டல் அதிகம் விழும்.

இப்போது அந்த முக்கியமான விஷயம்.

குரூப்பில் பாரிஸில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் உண்டு. அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் இவருக்குச் சின்ன வயதிலேயே ஒரிஜினல் கேசட் வாய்த்தது. அவர் ஒருநாள் ஏதோ ஒரு வாக்குவாதத்துக்காக ஏழாவது ஸ்டேஜ் ஓடும் வீடியோவை எனக்கு மட்டும் தனியாக அனுப்பினார். பார்த்தேன். பாலம் முழுசாக இருந்தது. ஒரு கட்டைகூடக் குறையவில்லை. கீரி அதன் மேல் ஹாயாக நடந்து போனது. யாரோ திருட்டுத்தனமாகக் காப்பியடித்தபோது நாலு கட்டை எங்கோ உதிர்ந்துபோயிருக்கிறது, அந்தக் காப்பிகள் நம் தேர்க்கடைக்கு வந்திருக்கின்றன, அவ்வளவுதான். உன்னிடம் சொல்லவில்லை. உன் ராணிப் பட்டத்தைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, கம்பெனி ரசிகர்களிடம் 'புது ஆட்டத்தில் பழையது எது இருக்க வேண்டும்' என்று கேட்டது. உனக்கு அப்போது இரண்டாவது சுற்று கீமோ ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து நீ எவ்வளவு நீளமாக எழுதியிருந்தாய்! உடைந்த பாலம் அப்படியே இருக்க வேண்டும், கொக்கு திரும்பி வர வேண்டும், அதுதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்று. பிறகு அந்தப் பாரிஸ்காரர் முழுப் பாலத்தின் படத்தைப் போட்டு, "மதாம், பாலம் உடையவே இல்லையே" என்று கேட்டார். இன்னொருவர் "டூப்ளிகேட் கேசட்டா அக்கா?" என்றார். அப்புறம் சிரிக்கும் முகங்கள், வரிசையாக, திரை நிறைய.

நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றுமில்லாததற்கெல்லாம் குரூப்பில் குதிக்கிறவள் அன்றைக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. என்னையும் சேர்த்துச் சிரிப்பார்களோ என்று பயந்தேன். வேறு சாக்கு எதுவும் என்னிடம் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு சுற்றறிக்கையை டைப் அடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று தெரிந்து பஸ் ஏறினேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். போனதும் கொட்டிவிட்டேன்.

"பாலம் விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும்டி."

"எப்பலேர்ந்து?"

"அஞ்சு வருஷமா."

என்னையே பார்த்தாய். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாய், இருமல் வரும்வரை. "அடிப்பாவி. அப்படின்னா யோசிச்சுப் பாரு. இல்லாத ஓட்டையைத் தாண்டுறதுக்கு நாம வழி கண்டுபுடிச்சிருக்கோம். அந்த கேம செஞ்சவனுக்கே தெரியாதுடி அது." உன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பட்டம் போய்விடும் என்று நான் ஐந்து வருஷம் பயந்ததை நீ ஒரு நிமிஷத்தில் இரண்டாவது பட்டமாக்கிக்கொண்டாய்.

பிறகு தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாய். "அவுங்க சிரிச்சாங்க, சரி. நானும் தாண்டினேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

காலித் தம்ளரை உன் கையிலிருந்து வாங்கி வைத்தேன். நீ என் கையைத் தட்டினாய். "சரி, போவட்டும் விடு." கோபமே இல்லாமல்தான் சொன்னாய். மூன்று மாதத்தில் நீயும் போய்விட்டாய்.

'நானும் தாண்டினேன்' என்ற அந்த ஒரு வார்த்தை பாக்கியாகவே நின்றது. தனியாகக் குரூப்பில் எழுதலாம் என்று எத்தனையோ முறை போனை எடுத்தேன். யாரும் கேட்காதபோது, நீயும் இல்லாதபோது, யாருக்காகச் சொல்வது என்று அழித்துவிடுவேன்.

நேற்று ஞாயிறு. பாரிஸ்காரர் லீவுக்கு வந்திருக்கிறார். கோயில் தெருவில் அவருடைய அப்பா வீட்டில் குரூப் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். சுவர் அளவு டிவியில் புதுப்பிக்கப்பட்ட முதல் பாகம். நான் கைப்பையில் மஞ்சள் கேசட்டை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஆளுக்கு ஒரு ஸ்டேஜ் என்று ஆடிக்கொண்டே வந்தார்கள், ஏழாவது என் கைக்கு வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. வரிசையில் அப்படி விழுந்தது.

ஆறு வந்தது. பாலம் வந்தது. பளபளவென்று, முழுசாக. எதிரே கொக்கு.

என் கட்டைவிரல் நின்றுவிட்டது. கீரியைக் குனிய வைத்தேன். கொக்கு தலைக்கு மேலே போனது.

"மதாம், பாலம் நல்லாத்தான் இருக்கு, நேரா போங்க" என்றார் பாரிஸ்காரர். மற்றவர்களும் "போங்கக்கா, போங்கக்கா" என்றார்கள்.

"இருங்க" என்றேன். "அது போவட்டும். திரும்பி வரும்."

என் வாயிலிருந்து, என் அவசரம் பிடித்த வாயிலிருந்து, உன் குரல் வந்தது. கொக்கு ஓரத்தில் திரும்பியது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும், நாம் பார்த்திராத ஊரில் யாரோ புதுசாக வரைந்த கொக்கு, அதே மாதிரி திரும்பி வந்தது. பின்னாலேயே ஓடித் தாவினேன். அதன் முதுகில் கால் பட்டது. நடந்தே போயிருக்கக்கூடிய நாலு கட்டைக்கு மேல் கீரி எம்பிப் பறந்து அந்தப் பக்கம் போய் நின்றது.

பாரிஸ்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இப்படி ஒரு தாவு இதுல இருக்கா? நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே."

பையிலிருந்து கேசட்டை எடுத்து மேசையில் வைத்தேன். "எங்க கேசட்டுல பாலம் உடைஞ்சிருந்துச்சு" என்றேன். "அன்னிக்கு அவ எழுதினது நெஜம். வழி கண்டுபுடிச்சவ அவ. நானும் கூடத்தான் இருந்தேன். நாங்க ரெண்டு பேரும்தான் தாண்டினோம்."

யாரும் சிரிக்கவில்லை. பாரிஸ்காரர் எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "எனக்குச் சொல்லிக் குடுங்க" என்று கையை நீட்டினார். முதல் தடவை கொக்கு முட்டிச் செத்தார். இரண்டாவது தடவை கல்லை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.